மீட்டருக்கு ஆகாயம் தெரியாது

மொட்டைக் கடிதாசியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, கொட்டாவிதான் வருகிறது. இருபத்தாறு வருடத் துப்பறியும் தொழிலில் மூட்டை மூட்டையாகப் படித்தாயிற்று. அடியில் எப்போதும் 'உங்கள் நலம் விரும்பி' என்று இருக்கும். எவன் நலத்தையும் விரும்பாதவன்தான் அப்படிக் கையெழுத்துப் போடுவான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை விமானக் கம்பெனியின் மூன்றாவது மாடியில் என் கைக்கு வந்த கடிதத்தில் நலம் விரும்பி இல்லை. வசவும் இல்லை. ஸ்கேல் வைத்து எழுதியதுபோல நேரான எழுத்தில் இரண்டே வரி.

'திங்கட்கிழமை வேலையில் சேரப்போகும் பெண் பைலட்டின் புத்தகத்தில் 240.3 மணி நேரம் பொய். பறக்கும் பள்ளியில் உள்ள மூன்றாம் நம்பர் விமானத்தைப் போய்ப் பாருங்கள்.'

நான் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் பழுது. என் முழங்காலுக்கும் பழுது. என்னோடு படியேறி வந்த மச்சான் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவன்போல அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவியின் தம்பி. 'ரெண்டு வாரம் உங்ககூட இருக்கட்டும், தொழில் கத்துக்கட்டும்' என்று அவள் அனுப்பிப் பத்து வருடம் ஆகிறது. தொழிலைக் கற்றுக்கொண்டான். வாயை மட்டும் அடக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் பயிற்சித் தலைவர். வெள்ளைச் சட்டை, தோளில் நாலு தங்கப் பட்டை, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சார், உங்களைப் பார்த்தா நீங்களும் தூங்கி நாளாச்சு போல இருக்கே" என்றான் மச்சான்.

"ஆள் பத்தலை. நானே ஆபீஸும் பார்த்து, பறந்துக்கிட்டும் இருக்கேன்." அவர் ஒரு தடித்த புத்தகத்தின் ஜெராக்ஸ் கட்டை என் பக்கம் தள்ளினார். "இது அந்தப் பொண்ணோட பதிவுப் புத்தகம். எந்த நாள், எந்த விமானம், எவ்வளவு நேரம், கூட யாரு, எல்லாம் இதுல இருக்கு. புதுசா ஒரு பைலட்டை எடுக்கணும்னா குறைஞ்சது ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்கணும். சட்டம். இவளுக்கு ஆயிரத்து ஐந்நூத்தி ரெண்டு பாயிண்ட் நாலு."

"பாயிண்ட் நாலுன்னா?" என்றேன்.

"எங்களுக்கு மணிக்கு அறுபது நிமிஷம் கிடையாது. பத்துத் துண்டு. ஒரு துண்டு ஆறு நிமிஷம்."

"எங்க அக்காவுக்கும் தனிக் கணக்குதான் சார்" என்றான் மச்சான். "அஞ்சு நிமிஷத்துல கிளம்பறேன்னா அது ஒரு மணி நேரம்."

நான் அவன் காலை மிதித்தேன். "கடிதாசி நிஜமா இருந்தா?"

"ஆயிரத்து இருநூத்தி அறுபத்திரெண்டு சொச்சம்தான் மிஞ்சும். வாசல்லயே நிறுத்தியிருப்போம்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இத்தனைக்கும் சிமுலேட்டர் பரிட்சையில இவதான் முதல். அதாவது, தரையில வெச்சிருக்கிற பொம்மைக் காக்பிட்ல. அதுல கீழ விழுந்தா யாரும் சாக மாட்டாங்க. திங்கட்கிழமை இவ பின்னால நூத்தி எண்பது பேர் உட்காருவாங்க."

"பொய்யின்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"அவளே வந்து ஒத்துக்கிட்டா ஒரு வருஷம் லைசென்ஸை நிறுத்தி வைப்பாங்க. நாங்க கண்டுபிடிச்சுச் சொன்னா ஆயுசுக்கும் கிடையாது." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள உங்க ரிப்போர்ட் வரணும். அதுக்கப்புறம் பட்டியலை மேலே அனுப்பிடுவேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பொய்யின்னு எழுதிக் குடுங்க சார். கடிதாசியைச் சொல்றேன்" என்றார்.

அந்த மனுஷரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆள் தட்டுப்பாட்டில் கிடைத்த நல்ல கை அது, இழக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் ஜெராக்ஸ் கட்டை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் அதிகம் வலிக்கிறது என்பதை யாரும் நம்புவதில்லை.

பறக்கும் பள்ளி ஊருக்கு வெளியே, ஒரு மணி நேரத் தூரம். மச்சானின் காரில் ஏ.சி. வேலை செய்யாது. ஜன்னல் ஒன்று இறங்காது, இன்னொன்று ஏறாது.

"மாமா, இந்தக் கார்ல ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு எந்தச் சட்டம் என்ன தரும்?"

"இடுப்பு வலி" என்றேன்.

பள்ளி என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு நீளமான தார்ப் பாதை, மூன்று சின்ன விமானங்கள். பக்கத்திலேயே விமான மெக்கானிக் படிப்புக்கு ஒரு கல்லூரி. முதலாளி ஊரில் இல்லை. கொட்டகைக்குள் ஐம்பது வயது மெக்கானிக் ஒருவர் முதல் விமானத்தின் இறக்கை முன்விளிம்பை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிக் கடிதத்தைக் காட்டினேன். படித்தார், திருப்பிக் கொடுத்தார், தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"என்னங்க அது, அவ்வளவு கெட்டியா ஒட்டியிருக்கு?" என்றேன்.

"பூச்சி சார். பறக்கிறப்ப மோதிச் சாகுது. உடனே துடைக்கலைன்னா கல்லு மாதிரி ஆயிடும். ஓட்டினவங்கதான் துடைக்கணும்னு இங்க வழக்கம். வழக்கம் சுவத்துல எழுதியிருக்கு, துணி என் கையில இருக்கு."

இரண்டாம் விமானத்தையும் பார்த்தேன். இறக்கை விளிம்பு, மூக்கு, கண்ணாடி எங்கும் கறுப்பும் மஞ்சளுமாகப் பூச்சிக் கறை. மூன்றாம் நம்பர் வெளியே வெயிலில் நின்றது. அதன் வால் தரையில் பதித்த இரும்பு வளையத்தில் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. இறக்கை விளிம்பில் விரலை வைத்து இழுத்தேன். விரல் முழுக்கப் புழுதி. ஒரு கொசுவின் கால்கூட இல்லை.

"மூணாம் நம்பர் மட்டும் அகிம்சாவாதி போல இருக்கு மாமா" என்றான் மச்சான்.

நான் குனிந்து டயரைப் பார்த்தேன். குனிந்ததற்கு இடுப்பு ஏசியது. டயர் புதிது, கடையிலிருந்து வந்தபோது இருந்த ரப்பர் முடிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. விமானத்துக்குப் பின்னால் இருபது அடிக்குப் புல் முழுவதும் தினம் காற்று அறைந்ததுபோல ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. சுற்றிலும் மற்ற புல் நிமிர்ந்து நின்றது.

மெக்கானிக் எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"இது கடைசியா எப்பப் பறந்துச்சு?"

"மீட்டரைப் பாருங்க சார். நேத்துக்கூட ரெண்டு மணி நேரம் ஓடியிருக்கு."

"மீட்டரைக் கேக்கலை, உங்களைக் கேக்கறேன். பூச்சியே படாம எப்படிப் பறந்துச்சு? கயித்தோடவா பறந்துச்சு?"

அவர் ஒரு எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிழிவதற்கு அதில் தண்ணீரே இல்லை.

"ஒம்பது மாசமா இது பறக்கலை" என்றார். "இறக்கைக்குள்ள ஒரு விரிசல். பறக்கக் கூடாதுன்னு நான்தான் சீட்டு எழுதிக் குடுத்தேன். முதலாளி வாங்கி டிராயர்ல போட்டுட்டார். பக்கத்து மெக்கானிக் காலேஜ் பசங்களுக்கு ஓடற இன்ஜின் பக்கத்துல நின்னு பாடம் படிக்கணும். அதுக்கு இதை வாடகைக்கு விட்டாச்சு. தினம் ரெண்டு மணி நேரம் இப்படிக் கட்டிப்போட்டு இன்ஜினை ஓட்டுவோம். உள்ள சீட்ல பொறுப்பான ஆள் ஒருத்தர் இருக்கணும்னு விதி. வாரத்துல மூணு நாள் நான் உட்காருவேன், மூணு நாள் அந்தப் பொண்ணு. இங்க அது பறக்கச் சொல்லிக்குடுக்கிற வாத்தியார்."

"சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு ஏறி மிதிக்கிற மாதிரி" என்றான் மச்சான். "சின்ன வயசுல நானும் அப்படி ரொம்ப தூரம் போயிருக்கேன்."

"மீட்டருக்கு ஆகாயமா தெரியும்? இன்ஜின் ஓடினா அதுவும் ஓடும்" என்றார் மெக்கானிக். "ஒம்பது மாசத்துல நானூத்தி எழுபது மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கு. அதுல அந்தப் பொண்ணு தன் பங்கைப் பறந்ததா எழுதிக்கிச்சுன்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிஞ்சப்ப நான் கேக்கலை."

"ஏன் கேக்கலை?"

"எப்படி சார் கேக்கறது? ரெண்டு வருஷம் முன்னால வரைக்கும் ஆயிரத்து இருநூறு மணி நேரம் இருந்தாப் போதும். இந்தப் பொண்ணுக்கு இன்னும் பத்து மணி நேரம்தான் பாக்கி. அந்த வாரம் சட்டம் மாறிச்சு, ஆயிரத்து ஐந்நூறுன்னு. அன்னிக்கு இதே டிரம்ல உட்கார்ந்திருந்துச்சு. இருட்டற வரைக்கும் எழுந்திருக்கலை. அப்புறம் படிக்க வர்ற பசங்களும் குறைஞ்சுட்டாங்க. மாசத்துக்கு மூணு மணி நேரம் பறந்தா அதிகம். முப்பத்தி மூணு வயசாச்சு சார் அதுக்கு."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனாலும் அந்த டிரம்மை இன்னொரு தடவை பார்த்தேன்.

"கடிதாசி நீங்க போட்டதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "போடறவனா இருந்தா முதலாளியைப் பத்திப் போட்டிருப்பேன்."

நம்பினேன். களைத்த ஆள் களைத்த ஆளை நம்புவது சுலபம்.

வாசலில் ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினோம். மெக்கானிக் தன் சட்டைப்பையிலிருந்த டைரியைப் பார்த்து, விரிசல் சீட்டு எழுதிய தேதியைச் சொல்லியிருந்தார். அந்தத் தேதிக்குப் பிறகு பெண்ணின் புத்தகத்தில் மூன்றாம் நம்பர் என்று எழுதிய வரிகளை எல்லாம் நான் வாசிக்க, மச்சான் போனில் கூட்டினான். நூற்றுப் பதினேழு வரி. மணி ஒன்றரை, பசி வேறு.

"இருநூத்தி முப்பத்தி எட்டு பாயிண்ட் ஒம்பது" என்றான்.

"தப்பு. மறுபடி கூட்டு."

மறுபடியும் அதே. மூன்றாவது தடவையும் அதே.

"மாமா, கடிதாசி எழுதினவன் கணக்குல வீக். ஒண்ணு பாயிண்ட் நாலு கூடப் போட்டுட்டான். விட்டுத் தள்ளுங்க. திருடன் அகப்பட்டாச்சு, ஒரு டீ அதிகமா குடிச்சான்னு எழுதினா என்ன, எழுதாட்டி என்ன?"

நான் விடவில்லை. சோர்ந்துபோன ஆளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எழுந்திருக்கச் சோம்பல் வரும், யோசிப்பதை நிறுத்தவும் சோம்பல் வரும்.

"மாப்ள, யோசிச்சுப் பாரு. வெளி ஆளா இருந்தா என்ன எழுதுவான்? 'சுமார் இருநூத்தி ஐம்பது மணி நேரம் பொய்'ம்பான். மெக்கானிக்குக்கு மொத்த மீட்டர்தான் தெரியும், அதுல அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டது எவ்வளவுன்னு தெரியாது. இவன் பாயிண்ட் மூணு வரைக்கும் எழுதியிருக்கான். அதுவும் நம்மால கண்டுபிடிக்க முடிஞ்சதைவிட ஒண்ணு பாயிண்ட் நாலு கூட. அப்படின்னா?"

"கணக்குல வீக்."

"இல்லடா. மூணாம் நம்பர் இல்லாம வேற எங்கயோ இன்னொரு பொய் இருக்கு. நமக்குத் தெரியாத பொய். அது யாருக்குத் தெரியும்?"

மச்சான் போனைக் கீழே வைத்தான்.

"பொய் எழுதினவளுக்குத்தான்" என்றான். "மாமா! தன்னைப் பத்தித் தானே மொட்டைக் கடிதாசியா? சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்ட கதையா இருக்கே!"

"அகப்பட்டுக்கணும்னு ஆசை இருக்கும். ஒத்துக்கத் தைரியம் இருக்காது. நிறையப் பேரைப் பார்த்திருக்கேன். வண்டியை எடு. அவளே அஞ்சு மணிக்குள்ள வாயைத் திறந்தா ஒரு வருஷத்தோட போகும்."

பெண்ணின் வீடு இரண்டாவது மாடியில். இங்கே லிஃப்டே கிடையாது. கதவைத் திறந்தவர் அவள் அப்பா. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதை அவர் சொல்லவேண்டியதில்லை, சுவரில் சான்றிதழ் சொன்னது: ஒரு விபத்துகூட இல்லாத சேவை. பக்கத்தில் ஒரு போட்டோ. இரண்டாம் நம்பர் விமானத்தின் அருகில், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் நிற்கிறார். கதவுக் கொக்கியில் இஸ்திரி போட்ட புது வெள்ளைச் சட்டை, தோளில் இரண்டு பட்டை.

நான் யார் என்று சொன்னேன். அவர் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. "உட்காருங்க, கூப்பிடறேன்" என்றார்.

"நீங்களும் பறந்திருக்கீங்களா?" என்று மச்சான் போட்டோவைக் காட்டினான்.

"தெருவே கேட்டுது. ஒரு மணி இருபத்தி நாலு நிமிஷம்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் அவர், போட்டோவைப் பார்க்காமல். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

அவள் வந்தாள். ஒல்லியான, வெயிலில் கறுத்த பெண். கம்பெனி, மூன்றாம் நம்பர், பூச்சி, கயிறு, மெக்கானிக் டைரி என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எதையும் மறுக்கவில்லை. பெரிய பாரத்தை யாரோ ஒரு பக்கம் பிடித்துக்கொண்ட மாதிரி, தோள் மட்டும் மெல்லத் தாழ்ந்தது.

"ஏம்மா இப்படி?" என்றேன்.

"பத்து மணி நேரம் சார்" என்றாள். "பத்து மணி நேரம் முன்னாடி சட்டம் மாறலைன்னா நான் இப்ப ரெண்டு வருஷமா வேலையில இருந்திருப்பேன். அதுக்குப் பதிலா வாரத்துல மூணு நாள் அந்த மூணாம் நம்பர் சீட்ல உட்கார்ந்தேன். காது அடைக்கும், உடம்பு உதறும், எதிர்ல அதே சுவரு. ஒரு நாள் வெறுத்துப்போய் எழுதினேன். யாரும் கேக்கலை. அப்புறம் கை நிக்கலை."

"சரி. மணி நாலேகால். அஞ்சுக்கு நான் ரிப்போர்ட் குடுத்தாகணும். அதுக்கு முன்னாடி நீயே போன் பண்ணிச் சொல்லிடு. நீ கடிதாசி போட்டதும் இதுக்காகத்தானே?"

"எந்தக் கடிதாசி?"

கடிதத்தை நீட்டினேன். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"இது நான் எழுதலை சார்." அவள் முகத்தில் பொய் இல்லை, வெறும் குழப்பம். "ஆனா நம்பர் சரி. இருநூத்தி நாப்பது பாயிண்ட் மூணுதான். எப்படி? மூணாம் நம்பர்ல எழுதினது இருநூத்தி முப்பத்தி எட்டு பாயிண்ட் ஒம்பது. மிச்சம் ஒண்ணு பாயிண்ட் நாலு பதினாலு மாசத்துக்கு முன்னாடி, ரெண்டாம் நம்பர்ல. நான் எழுதின முதல் பொய் அது. அது யாருக்கும் தெரியாதே, அன்னிக்கு விமானத்துல இருந்தது நானும்…"

அவள் நிறுத்திவிட்டாள்.

நான் ஜெராக்ஸ் கட்டைப் புரட்டினேன். பதினாலு மாதத்துக்கு முன். இரண்டாம் நம்பர். 1.4. கடைசிக் கட்டத்தில் சின்ன எழுத்தில், 'பயணி: அப்பா.' ஆறு நிமிடத் துண்டு பதினாலு. ஒரு மணி இருபத்தி நாலு நிமிடம். அந்த போட்டோ என் கண்ணுக்கு எதிரேதான் சுவரில் மாட்டியிருந்தது, நான்தான் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் தண்ணீர் டம்ளர்களோடு அறை வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"அப்பா?" என்றாள் அவள்.

அவர் டம்ளர்களை மேஜையில் வைத்தார். தண்ணீர் சிந்தியது.

"அன்னிக்கு இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் எனக்குப் பயம் வந்துடுச்சு சார்" என்றார் என்னிடம். மகளைப் பார்க்கவில்லை. "முப்பத்திரெண்டு வருஷம் பஸ் ஓட்டினவன், இறக்கி விடும்மான்னு கெஞ்சினேன். கிளம்பவே இல்லை. தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டு வந்திருந்தேன். என் மானம் போகக் கூடாதுன்னு இவ பறந்ததா எழுதினா. நானும் சிரிச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டிருந்தேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. ஒரு பொய்யை நான்தான் பழக்கிவிட்டேன்."

"மத்தது எப்படித் தெரியும்?" என்றேன்.

"அலமாரியில இவ ஒரு சின்ன நோட்டு வெச்சிருக்கா. அதுல நிஜக் கணக்கு. பெரிய புத்தகத்துல ஆயிரத்து ஐந்நூத்தி ரெண்டு பாயிண்ட் நாலு, சின்ன நோட்டுல ஆயிரத்து இருநூத்தி அறுபத்திரெண்டு பாயிண்ட் ஒண்ணு. கழிச்சுப் பார்த்தேன். நானும் டிரிப் ஷீட் எழுதினவன்தான் சார். ரெண்டு கணக்கு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? மூணாம் நம்பர் பறக்கறதில்லன்னு இவளே சாப்பிடறப்ப சொல்லியிருக்கா."

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமேப்பா!" அவள் கத்தினாள். "கம்பெனிக்கா எழுதுவ? பெத்த பொண்ணை?"

"கேட்டிருந்தா நீ இல்லப்பான்னு சொல்லியிருப்ப" என்றார் அவர். "நான் நம்பியிருப்பேன்."

அவர் நாற்காலியை இழுத்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கேளும்மா. ஒரே ரோட்ல பத்தாயிரம் தடவை போயிருக்கேன். பத்தாயிரத்து ஒண்ணாவது தடவை வளைவுல ஒரு குழந்தை ஓடி வந்துது. அன்னிக்கு பிரேக்கை நான் மிதிக்கலை, என் கால்தான் மிதிச்சுது. அது பரிட்சையில வராது. ஓட்டி ஓட்டித்தான் வரும். உனக்கு வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். பின்னால உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு அது தெரியாதே?" அவர் மூச்சு வாங்கினார். "இருநூத்தி நாப்பது மணி நேரம். நான் தினம் எட்டு மணி நேரம் டூட்டி பார்த்தவன். முப்பது நாள் வேலைம்மா. முப்பது நாளுக்காக ஆயுசுக்கும் ஒளிஞ்சு ஓட்டுவியா?"

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அவர் கையை நீட்டினார், தொடாமலே எடுத்துக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தேன். நாலு முப்பத்தெட்டு.

"தங்கச்சி" என்றான் மச்சான், மெதுவாக. "எங்க மாமா ரிப்போர்ட் எழுத ஆரம்பிச்சா வேகமா எழுதிடுவார். அவர்கிட்ட இருக்கிற ஒரே வேகம் அதுதான். அதுக்குள்ள நீ பேசிடு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் நாலு பட்டைக்காரர் எடுத்தார்.

"சார், என் புத்தகத்துல இருநூத்தி நாப்பது பாயிண்ட் மூணு மணி நேரம் பொய். இல்ல சார், யாரும் மிரட்டலை. நானே சொல்றேன்."

அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். "சரி சார்", "தெரியும் சார்", "ஒரு வருஷம், சரி சார்" என்றாள். போனை வைத்தபோது மணி நாலு ஐம்பத்தொன்று.

நான் என் ரிப்போர்ட்டை அங்கேயே எழுதினேன். 'கடிதம் உண்மை. எங்களுக்கு முன்பே சம்பந்தப்பட்டவர் சொல்லிவிட்டார். விரிசல் சீட்டு ஒன்று பறக்கும் பள்ளி முதலாளியின் டிராயரில் இருக்கிறது, அதையும் கேட்டு வாங்கவும்.' கடிதம் எழுதியவர் யார் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று போட்டேன். இருபத்தாறு வருடத்தில் நான் எழுதிய பொய்களில் அது சின்னது.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து, கொக்கியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பு கோணலாக வந்தது. அவர் மறு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வருஷம் கழிச்சு லைசென்ஸ் குடுப்பாங்க இல்ல?" என்று கேட்டார்.

"குடுப்பாங்க."

"முதல் தடவை என்னை ஏத்திக்கோ."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் இன்னும் காயவில்லை, கோபமும் போகவில்லை. "மறுபடி இறக்கி விடுன்னு சொல்வப்பா. உனக்குப் பயம்."

"பயம்தான்" என்றார் அவர். "ஒரு மணி இருபத்தி நாலு நிமிஷம்தானே. பொறுத்துக்கறேன்."